முந்நூற்று இருபத்தொரு குதிரைகள்

பெரிய டர்போ வைத்தவனே பெரிய மனிதன் என்பது பெருமூச்சாரின் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்பது வேறு விஷயம். டர்போ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை ஊதித் திணிக்கும் ஒரு விசிறி. விசிறி பெரிதாக இருந்தால் காற்று நிறைய வரும். ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வராது, சோம்பல் முறித்துவிட்டு மெதுவாகத்தான் எழுந்திருக்கும். சின்ன விசிறி மிதித்த மாத்திரத்தில் துள்ளிக்கொண்டு கிளம்பும், உச்சிக்குப் போனால் மூச்சு வாங்கும்.

பெருமூச்சாரின் சிவப்புக் காரில் இருந்தது பெரியது. மிதியிலிருந்து காலை எடுத்தால் 'உஸ்ஸ்ஸ்' என்று தெருவுக்கே கேட்கும்படி பெருமூச்சு விடும். அவரும் அப்படித்தான் விடுவார் என்பதால் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, மரியாதைக்கு ஒரு 'ஆர்' பின்னால் சேர்ந்தது. அவருடைய மைத்துனனுக்கும் அதே மாடல் கார்தான், வெள்ளை. அதில் இருந்தது சின்ன டர்போ. அது விசிலடிக்கும். அவனும் ஓயாமல் விசிலடிப்பான். அவனுக்கு என்ன பெயர் வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

மூவர் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. முன்பகுதியில் பெருமூச்சார் எஞ்சின்களைக் கழற்றி மாட்டுவார். ஓரத்து மேஜையில் விசில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எஞ்சினின் கம்ப்யூட்டரோடு பேசுவான். பின்னறை பெருமூச்சாரின் மனைவிக்கு. அங்கேதான் டைனோ இருந்தது. தரையில் பதித்த இரண்டு உருளைகள், அவற்றின் மேல் காரை ஏற்றி நான்கு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி முழு மூச்சாக மிதித்தால், வண்டி நின்ற இடத்திலேயே பறக்கும். சக்கரம் எத்தனை குதிரை பலத்தோடு சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடு வரைந்து காட்டும். ஊதாரி மகன்கள் அப்பா காசில் வாங்கிய கார்களை ஓட்டி வந்து, "ஐந்நூறு இருக்கும்க்கா" என்பார்கள். அக்கா ஏற்றிப் பார்த்து, "முந்நூத்திப் பத்து" என்பார். அழாத குறையாகத் திரும்புவார்கள்.

இந்த வருடம் மோட்டார் கிளப்பின் மலையேற்றப் பந்தயத்தில் பட்டறைக்கு ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு இடம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மாமனும் மச்சானும் ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதே கலாட்டாவாகிவிட்டது.

"மலையில வளைவுதான் முக்கியம் மாமா. உங்க டர்போ கண்ணு முழிக்கிறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும்."

"வளைவுக்கு நடுவுல ரோடே இல்லையா மாப்ள? அங்க உன்னை முழுங்கிட்டுப் போயிருவேன்."

"நான் வேணா ஓட்டவா?" என்று அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டே கேட்டார்.

இருவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். அதுதான் இன்னும் மோசம். அந்த அம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, குழாயைத் திறந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

கடைசியில் தீர்ப்பை டைனோவிடம் விடுவதென்று முடிவாயிற்று. யாருடைய கார் அதிகக் குதிரை காட்டுகிறதோ அவருக்கு சீட்டு. அந்தச் சீட்டுக்காகப் பெருமூச்சார் எதையும் செய்யத் தயாராக இருந்தார். இருபது வருடமாக அடுத்தவன் பந்தயக் காருக்கு எஞ்சின் கட்டிக் கொடுத்து, கொடி அசைந்ததும் கை தட்டியே உள்ளங்கை காய்த்துப் போன மனிதர். ஒரே ஒருமுறை ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சுச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவருடைய ஆசை. யாரிடமும் அதை அவர் சொன்னதில்லை.

டைனோ ஓட்டத்தன்று காலை கிளப் செயலாளர் சாட்சிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தொப்பையும் தொப்பியுமாக நல்ல மனிதர். பட்டறையின் சார்பில் ஓட்டப் போவது யார் என்று மாலைக்குள் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் முன்னால் அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டார்.

"என் மெஷின்ல கை வைக்கிறவங்க யாரா இருந்தாலும் பந்தயத்துல ஓட்ட மாட்டாங்க. புருஷன், தம்பின்னு பாக்க மாட்டேன்."

"சேச்சே, யாரு கை வைக்கப் போறா?" என்றார் பெருமூச்சார்.

"அதானே?" என்றான் விசில்.

"ஆமா, என்னங்க," என்று அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "என் வெந்நீர்ப் பையைப் பாத்தீங்களா? ராத்திரியிலிருந்து இடுப்பு விட்டுப் போகுது. அலமாரியில காணோம்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் பெருமூச்சார். பை அவருடைய கருவிப் பெட்டியின் அடித்தட்டில், துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது.

முதலில் சோதனைக்காக ஆளுக்கு ஒரு ஓட்டம். வெள்ளைக் காரில் விசில் ஏறி மிதித்தான். கோடு சட்டென்று எழுந்து, மேலே போய்த் தட்டையானது. முந்நூற்றுப் பதினெட்டு. அடுத்து சிவப்புக் காரில் பெருமூச்சார். கோடு தரையிலேயே தவழ்ந்து தவழ்ந்து, திடீரென்று நினைவு வந்தது போல விருட்டென்று ஏறியது. முந்நூற்றுப் பதினேழு.

ஒரே ஒரு குதிரை. பெருமூச்சார் கருவிப் பெட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். விசிலுக்கும் நிம்மதி இல்லை. ஒரு குதிரை வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமா? எஞ்சின் சூடேறினால் தலைகீழாகப் போய்விடும்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். இதற்குப் பிறகு நடப்பதுதான் கணக்கில் சேரும் ஓட்டம். இந்த முறை சிவப்புக் கார் முதலில்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வெயில் நாளில் காற்று மெலிந்துவிடும், எஞ்சின் கொஞ்சம் திணறும். குளிர் நாளில் கொழுத்த காற்று, எஞ்சின் துள்ளும். வெயிலில் வந்தவனுக்கு அநியாயம் ஆகக் கூடாதென்று, டைனோ கம்ப்யூட்டர் அறையின் சூட்டை ஒரு சென்சாரால் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் சில குதிரைகளைச் சேர்த்துக் கொடுக்கும், குளிராக இருந்தால் சிலவற்றைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த சென்சார், தூணுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய, செருப்புப் பெட்டி அளவுள்ள ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தது. அதாவது, இருப்பதாகப் பெருமூச்சார் நினைத்தார்.

பெட்டிக்குள் கொதிக்கும் வெந்நீர்ப் பையை வைத்தால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர், 'ஐயோ பாவம், பாலைவனத்தில் ஓட்டுகிறான்' என்று இரக்கப்பட்டு நாலைந்து குதிரைகளை அள்ளிக் கொடுக்கும். தன் ஓட்டம் முடிந்ததும் பையை உருவிவிட்டால் மைத்துனனுக்கு ஒன்றும் கிடைக்காது. இதை யோசித்த இரவில் பெருமூச்சார் தூக்கத்திலேயே சிரித்ததாக அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

செயலாளரும் அக்காவும் முன்பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெருமூச்சார் கெட்டிலில் கொதித்த நீரைப் பையில் நிரப்பி, சட்டைக்குள் செருகி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல நடந்து பின்னறைக்குப் போனார். தூணுக்குப் பின்னால் பதுங்கினார். பெட்டியின் கொக்கியை நீக்கித் திறந்தார்.

உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது. நீல நிற ஐஸ் பை ஒன்று சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதை அவர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். அவருடைய முழங்கால் வலிக்காக வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது.

'அடப்பாவி!' பெருமூச்சாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 'எவ்வளவு கேவலமான புத்தி! சொந்த மாமனுக்கே குழி பறிக்கிறானே! நேர்மை என்று ஒன்று வேண்டாம்?' சட்டைக்குள் வெந்நீர்ப் பை தொப்பையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஊரைக் கூட்டிக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று வாயைத் திறந்தார். தொப்பை மறுபடி சுட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"மாமா, இங்க என்ன பண்றீங்க?"

பின்னால் விசில் நின்றுகொண்டிருந்தான்.

"காத்து வாங்குறேன்."

"பெட்டிக்குள்ளயா?"

"நீ எதுக்கு வந்தே?"

"நானும் காத்து வாங்கத்தான்." அவன் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. "மாமா, உங்க வயித்துல இருந்து ஆவி வருது."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? பெருமூச்சார் பையை வெளியே உருவினார். ஒருவன் திருடன் என்றால் மற்றவன் கோள் சொல்லலாம். இருவருமே திருடர்கள் என்றால் குசுகுசுவென்றுதான் பேச வேண்டும்.

"உன் ஐஸை எடு."

"உங்க பையை முதல்ல வெளிய வையுங்க."

"நீ எடுத்தப்புறம் நான் வைக்கிறேன்."

"நீங்க பெரியவங்க. நீங்கதான் வழிகாட்டணும்."

"நான் வண்டியில ஏறினதும் நீ திரும்ப உள்ள வைக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"நீங்க வைக்க மாட்டீங்கன்னு மட்டும் என்ன நிச்சயம்?"

ஒரு நிச்சயமும் இல்லை. ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். முன்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

"ரெண்டும் உள்ளயே இருக்கட்டும்," என்றான் விசில் அவசரமாக. "சூடும் குளிரும் சேர்ந்தா சரியாப் போயிரும்."

அந்த நிமிடம் இருவருக்கும் அது உலகத்திலேயே மிக நியாயமான தீர்ப்பாகத் தோன்றியது. பையை ஐஸுக்குப் பக்கத்தில் திணித்துப் பெட்டியைச் சாத்தினார்கள்.

சிவப்புக் காரில் ஏறியதும்தான் பெருமூச்சாருக்கு உறைத்தது. அவர் வண்டிக்குள், மைத்துனன் வெளியே. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் தூணும், தூணுக்குப் பக்கத்தில் விசிலும் தெரிந்தார்கள். பயல் பெட்டியை ஒட்டி, விசிலடித்தபடி சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் நினைத்தால் ஒரு நொடியில் வெந்நீர்ப் பையை உருவிவிடலாம்.

"மிதிங்க!" என்று மனைவி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கை காட்டினார்.

மிதித்தார். உருளைகள் ஊளையிட்டன, கூரைத் தகரம் அதிர்ந்தது. பெரிய டர்போ சோம்பல் முறித்துக் கண் விழிக்கிற நேரம். பெருமூச்சாரின் கண் முன்னால் முள் ஏறிக்கொண்டிருந்தது, அவரோ பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிலின் கை அசைந்தது. பெட்டிப் பக்கம் போகிறதா? போகிறது! கால் தானாகத் தளர்ந்தது. விசில் மூக்கைச் சொறிந்தான். பெருமூச்சார் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்.

முந்நூற்று இருபத்தொன்று.

அடுத்து வெள்ளைக் கார். இப்போது தூணுக்குப் பக்கத்தில் நின்றது பெருமூச்சார். அவருக்கும் சும்மா நிற்க முடியவில்லை. டர்போ விசிலடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து, பெட்டியின் கொக்கியை ஒரு விரலால் மெல்லத் தட்டினார். திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை. சும்மா தட்டினார். காருக்குள் இருந்தவனின் தலை கண்ணாடிப் பக்கம் வெடுக்கென்று திரும்பியதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முந்நூற்றுப் பதினெட்டு.

பெருமூச்சார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். நாற்பத்தைந்து வயதில், முழங்கால் வலியோடு, ஆடினார். "மூணு குதிரை! மூணு குதிரை மாப்ள!"

"வாழ்த்துகள்," என்று எழுந்த செயலாளர், தன் காலடியைக் குனிந்து பார்த்தார். "இங்க ஏதும் பைப் ஒழுகுதா? தரையெல்லாம் தண்ணியா இருக்கே."

சுவரில் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கி, தூணைச் சுற்றி ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. பெருமூச்சாரின் ஆட்டம் பாதியில் நின்றது. வண்டியிலிருந்து இறங்கிய விசில் திரும்பி வண்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டான்.

அக்கா எழுந்து வந்தார். அவசரமே படவில்லை. கொக்கியை நீக்கிப் பெட்டியைத் திறந்தார். மூடி தளர்ந்து ஒழுகி ஆறிப்போன வெந்நீர்ப் பையும் இளகிப்போன ஐஸ் பையும் புதுமணத் தம்பதி போல ஒன்றையொன்று அணைத்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணு என் அலமாரியில இருந்தது. இன்னொண்ணு என் ஃப்ரிட்ஜுல இருந்தது," என்றார் அந்த அம்மாள். "திருடறதுக்குக் கூட வெளிய போக மாட்டீங்களா?"

"இந்தாம்மா, நான் சொல்றதைக் கேளு..."

"இதைக் கேளுங்க முதல்ல. இங்க வாங்க ரெண்டு பேரும்." திரையில் நாலு கோடுகள் இருந்தன. "இது சோதனை ஓட்டம். வழுவழுன்னு இருக்கு. இது இப்ப ஓடினது. உங்க கோட்டுல நடுவுல ஒரு குழி. அவன் கோட்டுலயும் அதே மாதிரி ஒரு குழி. கால் மணி நேரத்துல ரெண்டு எஞ்சினுக்கும் விக்கல் எடுத்துச்சா? இல்ல, ரெண்டு பேரும் ஓட்டும்போது வேற எங்கேயோ பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

செயலாளர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"அக்கா, அப்ப நம்பர் எல்லாம் தப்பா?" என்று வண்டிக்குள்ளிருந்து விசில் ஈனக் குரலில் கேட்டான்.

"நம்பர் எல்லாம் சரிதான். சென்சார் அந்தப் பெட்டியில இல்லவே இல்லையே. போன வருஷமே கழட்டி, வண்டி மூக்குக்கு முன்னாடி காத்தடிக்கிற விசிறியோட ஸ்டாண்டுல மாட்டிட்டேன்."

"பின்ன இந்தப் பெட்டி எதுக்கு?"

"உங்க ரெண்டு பேருக்காகத்தான் விட்டு வச்சேன்."

பெருமூச்சார் திரையை மறுபடி பார்த்தார். அப்படியானால் முந்நூற்று இருபத்தொன்று உண்மை! வெந்நீர்ப் பை இல்லாமலே, யார் தயவும் இல்லாமலே, பாதி வழியில் காலை எடுத்தும்கூட அவர் ஜெயித்திருக்கிறார். மனம் துள்ளியது. உடனே ஒரு வக்கீல் மூளையும் முளைத்தது.

"அப்ப நாங்க மெஷினைத் தொடவே இல்லையே! வெறும் பெட்டியைத்தானே தொட்டோம்?"

"ஆமாக்கா," என்று விசில் வண்டியை விட்டு இறங்கி வந்தான். "மாமா சொல்றது நியாயம்." பல மாதங்களில் முதல்முறையாக அவர்கள் ஒரே கட்சியில் நின்றார்கள்.

"வெறும் பெட்டின்னு தெரிஞ்சா தொட்டீங்க?"

பெருமூச்சார் தண்ணீர்க் குட்டையைப் பார்த்தார். விசில் கூரையைப் பார்த்தான்.

"நீங்க எந்தப் பையும் வைக்காம இருந்திருந்தா," என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக, "இன்னைக்கு சீட்டு உங்களுக்குத்தான்."

அதுதான் சுட்டது. காலையிலிருந்து தொப்பையில் சுட்டதெல்லாம் ஒரு சூடே இல்லை. பெருமூச்சார் தன் பெயருக்கு ஏற்ற ஒன்றை விட்டார்.

"அப்ப பேரு யாரோடது?" என்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

அந்த அம்மாள் வெள்ளைக் காரின் கதவைத் திறந்து உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்தார். "டேய், நீ கம்ப்யூட்டரைப் பாரு. நான் மிதிக்கிறேன்."

கண்ணாடியை அவர் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை. கோடு கீழேயிருந்தே கிளம்பி, குழி இல்லாமல், நடுக்கம் இல்லாமல், பாலாடையில் கத்தி போவது போல மேலே போனது. முந்நூற்று இருபது.

"உச்சியில உங்க வண்டிதான் பெரிசு," என்று இறங்கி வந்து சொன்னார். "ஆனா கீழயும் நடுவுலயும் பாருங்க. மலைக்கு இந்த வண்டிதான் சரி. அதனால நம்பர் உங்களுக்கு. வண்டி அவனுக்கு. சீட்டு எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பெருமூச்சார் திரையில் இருந்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எரிந்தது, பொறாமையாக இருந்தது, இவ்வளவு நாள் தட்டுக் கழுவப் போனவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் அவர் எஞ்சின்காரர். நல்ல கோட்டைப் பார்த்தால் அவரால் பொய் சொல்ல முடியாது.

"ஓட்டட்டும் சார்," என்றார் செயலாளரிடம். "அவ பேரைப் போட்டுக்குங்க."

பந்தயத்தன்று மலையடிவாரத்தில் கார்கள் வரிசையில் காத்திருந்தன. வெள்ளைக் காரின் முன்மூடியைத் திறந்து, டர்போ ஊதும் காற்றைக் குளிர வைக்கும் கூட்டின் மேல் விசில் ஐஸ் பையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். குளிர்ந்த காற்று, கொழுத்த காற்று. அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. பெருமூச்சார் அதிகாலையிலேயே எழுந்து வெந்நீர் வைத்துப் பையில் நிரப்பி, சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மனைவியின் இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகியிருந்தார்.

"இப்பதான் ரெண்டும் அதது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு," என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

முறை வந்ததும் அக்கா பையை உருவிப் பெருமூச்சார் கையில் கொடுத்தார். விசில் மூடியைச் சாத்திவிட்டு ஓடி வந்தான். கொடி அசைந்தது. வெள்ளைக் கார் விசிலடித்துக்கொண்டு பாய்ந்தது. மாமனும் மச்சானும், ஒருவர் கையில் வெந்நீர்ப் பையும் மற்றவர் கையில் ஐஸ் பையுமாக, பாதை ஓரத்தில் நின்றார்கள். பெருமூச்சாரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தது.

"மாமா, காலை எடுங்க. முதல் வளைவு வந்துருச்சு."

பெருமூச்சார் காதைத் தீட்டிக் கேட்டார். விசில் சத்தம் குறையவே இல்லை, ஏறிக்கொண்டே போனது.

"அவ இன்னும் எடுக்கலையே மாப்ள," என்றார்.